மிச்சம் வெறும் கதவு

மார்ச் 4, செவ்வாய். இன்றைய தவறு: -to என்று போட வேண்டிய இடத்தில் -t என்று போட்டுவிட்டேன்.

அன்றைய தேதியில் என் நோட்டில் இருப்பது இந்த ஒரு வரிதான். மாலைக் கம்ப்யூட்டர் வகுப்பில் தினமும் ஒரு தவறு எழுத வேண்டும் என்பது எங்கள் மாஸ்டரின் சட்டம். அந்த வரிக்குக் கீழே பக்கம் முழுவதும் காலி. அன்றைக்கு என்னால் எழுத முடியவில்லை. விரல் மடங்கவில்லை. இப்போது எழுதுகிறேன்.

இது நடந்தது. கதை கட்ட எனக்கு வராது. உடம்பு சரியில்லை என்று ஒரு நாள் லீவு கேட்பதற்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும் ஜாதி நான். எது நடந்தாலும் முதலில் என் மேல்தான் எனக்குச் சந்தேகம் வரும். இதிலும் அப்படித்தான் வந்தது. என்னையே பலமுறை குறுக்கு விசாரணை செய்த பிறகுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பகலில் எனக்குக் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் டைப்பிஸ்ட் வேலை. உறைந்த பட்டாணி, உறைந்த சோளம், பெட்டி பெட்டியாக வரும், போகும். அந்தப் பெட்டிகளைத் தூக்குகிறவர்களில் ஒருவர் குல்லா அண்ணன். வெயிலிலும் கம்பளிக் குல்லாவைக் கழற்ற மாட்டார். எல்லாருக்கும் பட்டப்பெயர் வைப்பார். நான் 'டைப்பு'. மேனேஜர் 'கீச்சு'. மேனேஜருடைய ஷூ நடக்கும்போது கீச் கீச் என்று கத்தும். ஆள் வருவதற்கு முன்பே ஷூ வந்துவிடும். அண்ணன் உடனே, "டைப்பு, நிமிந்து உக்காரு, கீச்சு வருது" என்பார்.

குளிரறைக் கதவின் உள்பக்கக் கைப்பிடி சில சமயம் பனியில் இறுகிவிடும், திரும்பாது. அதை மாற்றச் சொல்லி அண்ணன் எல்லார் முன்னாலும் மேனேஜரிடம் சத்தம் போட்டார். "உள்ள ஆள் மாட்டுனா நீங்க வந்து ஊதி ஊதித் தொறப்பீங்களா சார்?" எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் மாலை வேலை முடிந்த பிறகு, அண்ணன் அந்த அறைக்குள் போனார். காலையில்தான் உடலை எடுத்தார்கள்.

சோதித்தபோது கைப்பிடி நன்றாகத் திரும்பியது. மேனேஜருக்கு அது போதுமானதாக இருந்தது. வேலை நேரம் முடிந்து ஒருத்தன் உள்ளே போகிறான் என்றால் எதற்குப் போவான், திருடத்தான் என்றார். அண்ணனின் மனைவி ஆபீசுக்கே வந்துவிட்டார். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். மேனேஜரின் மேஜை முன்னால் நின்று அக்கா கேட்டார்:

"எதைத் திருட சார்? பட்டாணியையா? உறைஞ்ச பட்டாணிய மடியில கட்டிட்டு பஸ் ஏறி வருவாரா?"

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. விசாரணைல சொல்லுங்க."

"செத்தவன் வாய் தொறக்க மாட்டான்னு தைரியம். அதானே?"

எனக்குக் கோபத்தில் காது இரண்டும் சுட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என் நாற்காலியில் மறுநாள் வேறு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். அந்த மௌனத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மதியம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு பென்டிரைவைத் தந்தார். குளிரறை வாசலில் இருக்கும் கேமராவின் பதிவு. ஒரு மணி நேரம்.

"விசாரணை அதிகாரிக்குக் குடுக்கணும். பன்னண்டாவது நிமிஷத்துலேருந்து பதினாலாவது நிமிஷம் வரைக்கும் வெட்டி, சின்ன ஃபைலா ஆக்கிடு. அவன் உள்ள போறது மட்டும் வந்தா போதும்."

"மிச்சம் சார்?"

"மிச்சம் வெறும் கதவு. கதவை யாரு பாப்பா? ராத்திரி ஸ்கூல்ல பெருசா என்னமோ படிக்கிறியாமே, இதையாவது உருப்படியா பண்ணு. நாளைக்குக் காலைல நீயே கொண்டு போய்க் குடுத்துடு."

மாலை ஆறரைக்கு வகுப்புக்குப் போனேன். மாடியில் ஒரு நீள அறை, எட்டு கம்ப்யூட்டர். மற்றவர்களுக்குப் பக்கத்து அறையில் பாடம். வேலை இருக்கிறது என்று அனுமதி வாங்கிக்கொண்டு நான் மட்டும் இங்கே உட்கார்ந்தேன். பட்டன்களை அழுத்தி வீடியோ வெட்டும் வித்தை இல்லை எங்களுடையது. கறுப்புத் திரையில் ஒரே வரியாகக் கட்டளை தட்ட வேண்டும். எந்த ஃபைல், எங்கே தொடங்க, எங்கே நிறுத்த, என்ன பெயரில் சேமிக்க என்று.

அந்த வரியில்தான் தப்பு செய்தேன். -to பதினாலு என்றால் பதினாலாவது நிமிடம் வரை. -t பதினாலு என்றால் தொடங்கிய இடத்திலிருந்து பதினாலு நிமிட நீளம். இரண்டு நிமிடம் வர வேண்டிய இடத்தில் பதினாலு நிமிட வீடியோ வந்து நின்றது.

திருத்தலாம் என்று பார்த்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. வேலை தொடங்கும்போது, ஃபைலுக்குள் என்னென்ன இருக்கிறது என்று கருவி எழுதிக் காட்டும். படத்துக்கு ஒரு வரி. அதன் கீழே ஒலிக்கு ஒரு வரி.

ஒலியா? சரி. ஃபைல் சின்னதாக வேண்டும் என்றாரே, ஒலி எதற்கு? -an சேர்த்தால் ஒலி போய்விடும். சேர்த்தேன். பதினாலு நிமிடத்தையே மறுபடி ஓட்டினேன். நீளத்தைத் திருத்த மறந்துவிட்டேன்.

மாஸ்டர் சாக்பீஸ் எடுக்க உள்ளே வந்தார். என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"ஏம்மா, ஒலியே இல்லாத ஃபைல்லேருந்து ஒலியை எதுக்கு எடுக்குற?"

"இருக்கு சார், இதோ..."

அவர் அதற்குள் போய்விட்டார். திரையைப் பார்த்தேன். ஒலி வரி இருந்தது. எனக்குத்தான் புரியவில்லையோ என்று நினைத்துக்கொண்டேன்.

புதிய ஃபைலைத் திறந்து ஹெட்போனை மாட்டினேன். மணி 7.12.

படத்தில் அண்ணன் வருகிறார். குல்லாவை இழுத்து விட்டுக்கொள்கிறார். கதவைத் திறந்து உள்ளே போகிறார். கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். திருடப் போகிறவன் ஸ்க்ரூ டிரைவரோடு போவானா? மாற்றித் தராத கைப்பிடியைத் தானே சரிசெய்யப் போயிருக்கிறார். கதவு மூடிக்கொள்கிறது.

காதில் சத்தம் வந்தது. -an போட்டும் ஒலி போகவில்லை.

மின்விசிறிச் சத்தம். மூன்று பெரிய விசிறிகள். மூன்றாவதில் மட்டும் ஒரு டக்... டக்... இருக்கும். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். மாதக் கடைசியில் பெட்டி எண்ணப் போகும்போது கேட்டிருக்கிறேன்.

அது குளிரறைக்கு உள்ளே கேட்கும் சத்தம்.

கேமரா வெளியே இருக்கிறது. கதவு ஒரு சாண் தடிமன். மூடினால் உள்ளே இடி விழுந்தால்கூட வராந்தாவில் லேசாகத்தான் கேட்கும்.

படத்தில் வெறும் கதவு. காதில் உள்ளே இருக்கும் அறை.

ஒருவர் மூச்சு வாங்குகிறார். இரும்பில் இரும்பு உரசுகிறது. கைப்பிடியைத் திருப்புகிறார். திரும்பவில்லை. மறுபடியும். திரும்பவில்லை.

டம்.

டம்... டம்... டம்.

காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சும் தட்டல் இல்லை அது. கோபத்தில் தட்டுவது. ஒவ்வொரு அடியும் என் பல்லில் இறங்கியது.

எட்டாவது நிமிடம். படத்தின் ஓரத்தில் மேனேஜர் வந்தார். காதில், மிகத் தூரத்திலிருந்து, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து...

கீச்... கீச்... கீச்.

நின்றது.

மேனேஜர் கதவின் முன் நிற்கிறார். தலையைச் சாய்த்துக் கேட்கிறார். சத்தமில்லாமல் பார்த்தால் கதவில் இருக்கும் வெப்பமானியைப் பார்க்கிறார் என்றுதான் தோன்றும். கை கதவை நோக்கிப் போகிறது. பிறகு கை இறங்குகிறது.

"யாரு, கீச்சா?"

அண்ணன் குரல். என் காதுக்குள்.

"உன் ஷூ கேக்குது. நிக்கிற. கேட்டுக்கிட்டே நிக்கிற. தொற!"

மேனேஜர் போனை எடுத்தார். பேசிக்கொண்டே நடந்தார். கீச் கீச் தேய்ந்து போனது.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன். அந்த அறையில் ஏசி கிடையாது. ஒரு பழைய மின்விசிறிதான். ஆனால் என் மூச்சு புகையாக வந்தது.

கீபோர்டு சாவிகள் ஐஸ் மாதிரி இருந்தன.

மறுபடியும் -an போட்டேன். இந்த முறை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன். என்டர் தட்டினேன். எவ்வளவு நேரப் படம் முடிந்தது என்று கருவி ஓட்டிக் காட்டும் எண் ஓடியது. பத்து நிமிடம். பன்னிரண்டு. பதினாலு.

நிற்க வேண்டும்.

பதினைந்து.

பதினாறு.

நிறுத்துவதற்கு q தட்டினேன். நிற்கவில்லை.

பதினெட்டு...

ஹெட்போன் தரையில் கிடந்தது. அதிலிருந்து வந்தது.

"டைப்பு..."

கால்களை நாற்காலி மேல் இழுத்துக்கொண்டேன்.

"டைப்பு... வெட்டாத."

டம்.

மேஜை அதிர்ந்தது.

"வெட்ட மாட்டேன்ணே," என்றேன். வாய்விட்டுச் சொன்னேன்.

எண் நின்றது. அறை மெதுவாகச் சூடானது. பக்கத்து அறையில் மாஸ்டர் ஏதோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். மணி 7.31.

முன்பே வந்திருந்த பதினாலு நிமிட ஃபைலை அப்படியே பென்டிரைவில் போட்டேன். பயம் போனதும் கோபம்தான் மிச்சம் இருந்தது. புதன் காலையில் அதிகாரியின் ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தேன். மேனேஜர் கேட்டார்.

"நான் சொன்ன ரெண்டு நிமிஷம் போயிடுச்சா?"

"நீங்க சொன்ன ரெண்டு நிமிஷமும் அதுல இருக்கு சார்."

பொய் இல்லையே.

வியாழக்கிழமை விசாரணை. சின்ன அறை. அதிகாரி, அவருடைய உதவியாளர், மேனேஜர், அக்கா, ஃபைல் கொடுத்தவள் என்று நான். உதவியாளர் வீடியோவை ஓட்டினார்.

விசிறிகள். டக்... டக்... பிறகு அந்தத் தட்டல். நான் அக்காவைப் பார்த்தேன். புருஷன் குரல் வரப்போகிறதே, எப்படித் தாங்குவார் என்று. அக்கா திரையைப் பார்த்தபடியே இருந்தார். அவர் கண் ஸ்க்ரூ டிரைவர் வந்த இடத்தில் ஒருமுறை கலங்கியது, அவ்வளவுதான். என்ன நெஞ்சுரம் என்று நினைத்தேன்.

இரண்டு நிமிடம் தாண்டியது. மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு திரையை. அவர் நெற்றி வேர்த்தது. படத்தில் அவர் வந்து நின்றார்.

யாரு, கீச்சா?

மேனேஜர் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"பொய்! அவன் இப்படியெல்லாம் பேசவே இல்ல! தட்டினான், அவ்வளவுதான்! ரொம்ப வாய் பேசுறானே, அஞ்சு நிமிஷம் உள்ள நிக்கட்டும்னு நெனச்சேன்... போன் வந்துச்சு... மறந்துட்டேன்..."

மேனேஜர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

"நிறுத்துங்க அதை!"

உதவியாளர் ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்.

அக்கா மெதுவாக எழுந்தார். "தட்டினாரா?" என்றார். "நீ கேட்டியா? கேட்டுட்டா போன?" அப்படியே அழுதுவிட்டார். அவர் அழுகையைவிட அந்தக் கேள்விதான் அறையில் நின்றது.

அதிகாரி மேனேஜர் சொன்னது எல்லாவற்றையும் எழுதி, கையெழுத்து வாங்கினார். திருட்டு என்ற வார்த்தையைக் கோடு போட்டு அடித்தார். அடித்ததை நானே பார்த்தேன்.

வெளியே வரும்போது உதவியாளரிடம் கேட்டேன்.

"அந்தச் சத்தத்தைக் கேட்டும் உங்களுக்குப் பயமா இல்லையா சார்?"

"எந்தச் சத்தம்மா?"

"வீடியோல... அந்தத் தட்டுற சத்தம். அவரு குரல்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அவர்தான் திடீர்னு எதுக்குக் கத்தினார்னு எங்களுக்கே புரியல. படம் சும்மா ஓடிட்டிருந்துச்சு. எங்க கம்ப்யூட்டர்ல ஸ்பீக்கரே கிடையாதும்மா."

இன்றைக்கு மாலை மாஸ்டரைப் பக்கத்தில் உட்கார வைத்து, இரண்டு ஃபைலையும் திறந்தேன். மேனேஜர் கொடுத்தது ஒன்று, நான் செய்தது ஒன்று. இரண்டிலும் ஒரே ஒரு வரி. படம். ஒலிக்கு வரியே இல்லை. என்றைக்கும் இருந்ததில்லை. அந்தக் கேமராவில் மைக் கிடையாது என்று அதை மாட்டிய எலக்ட்ரீஷியனும் சொல்லிவிட்டார்.

மார்ச் 7, வெள்ளி. இன்றைய தவறு: எதுவும் இல்லை.

நாளைய வேலை: குளிரறைக் கதவின் உள்பக்கக் கைப்பிடியை மாற்ற ஆள் வருகிறார். காலை ஒன்பது மணி. அவர் உள்ளே இருக்கும்வரை, நான் வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.