வெட்டா, கிழியா, காதர் பாய்?

புதன்கிழமை காலையில என் சைக்கிள் கடையில நான் ஒரு டியூபுக்கு பஞ்சர் ஒட்டிக்கிட்டிருந்தேன். எதிர்ல ஜவுளிக்கடையில துணி கிழியற சத்தம் கேட்டுச்சு. சர்ருனு கெளம்பி பாதியில நின்னுச்சு. மறுபடி கொஞ்சம் கிழிஞ்சுச்சு, மறுபடி நின்னுச்சு. பஜாருல அத்தனை பேரும் தலைய தூக்கிட்டோம். காதர் பாய் கிழிச்சா நடுவுல நிக்காது. ஒரே இழுப்பு. ஆம்பூருல இருக்கிற எல்லாக் காதுக்கும் அந்த இழுப்பு தெரியும். அப்போ கிழிக்கிறது பாய் இல்ல. பாயத் தவிர வேற யாரும் அந்தக் கடையில துணி கிழிக்கவே கூடாது. வெத்தலைக்கடை கோவிந்து அண்ணன் வெரல்ல தொட்ட சுண்ணாம்போட என்னப் பாத்து, "சைக்கிளு, அது யாருக்குடா?"ன்னாரு. தெரிஞ்சுதான் கேட்டாரு. நானும் தெரிஞ்சுதான் பதில் சொல்லல.

பாயத் தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுத்துக்குங்க. தெரியாதவங்களுக்குக் கடையப் பத்திச் சொல்லிடறேன்.

கடை ஒண்ணு, வாசல் ரெண்டு. பஜாரப் பாத்தது துணி வாசல். சந்துப் பக்கம் இருக்கிறது செருப்பு வாசல். முகூர்த்தத் துணியும் செருப்பும் ஒரே படியத் தாண்டக் கூடாதுன்னு மொதலாளியோட அப்பா சுவத்த இடிச்சு வெச்ச வாசல் அது. துணிப் பக்கம் நுழைஞ்சா கஞ்சி வாசனை. மல்லு, லாங்கிளாத்து, கரை வேட்டி, பொம்பளைங்களுக்குப் பூப்போட்ட சீட்டி. செருப்புப் பக்கம் நுழைஞ்சா நம்ம ஊரு தோல் வாசனை. போலீஸ்காரனுக்கு பூட்ஸ், குமாஸ்தாவுக்கு பம்ப் ஷூ, பசங்களுக்குக் கட்டைவெரல் வளையம் வெச்ச செருப்பு. தீபாவளி, ரம்ஜான் வந்தா ரெண்டு வாசல்லயும் பெட்ரோமாக்ஸ் புஸ்ஸுனு எரியும். சின்ன வயசுல புதுச் செருப்ப மண்ணுல வைக்க மனசு வராம கையில தூக்கிக்கிட்டு வெறுங்காலோட வீட்டுக்குப் போயிருக்கேன். நீங்களும் போயிருப்பீங்க, பொய் சொல்லாதீங்க.

அந்தச் செருப்பு வாசல்லதான் இன்னொண்ணும் வெளிய போவும். சாவுத் துணி. இந்துன்னா கோடின்னு கேப்பாங்க, முஸ்லிம்னா கஃபன்னு கேப்பாங்க. ரெண்டுக்கும் அதே வெள்ளை லாங்கிளாத்துதான். கல்யாணத் துணி போற படியில அது போகக் கூடாது. அதனால செருப்பு வாங்காம வெள்ளைத் துணியோட சந்துல ஒருத்தன் வந்தான்னா பஜாரே எந்திரிச்சு நிக்கும்.

இது கடை வெச்ச சட்டம். அங்க வேலை பாத்த பாய் வெச்சது வேற. உசுரோட இருக்கிறவங்க துணிய கத்திரியாலதான் வெட்டுவாரு. செத்தவங்க துணிய கையாலதான் கிழிப்பாரு. ஒரு கோமணத் துணியா இருந்தாலும் சரி, மாத்த மாட்டாரு. காலையில கடை தொறக்கும்போது கோவிந்து அண்ணன் எதிர்லேர்ந்து கத்துவாரு: "இன்னா பாய், இன்னிக்கு வெட்டா கிழியா?" பாய் கத்திரிய மேல தூக்கி ரெண்டு தடவ டக் டக்குனு ஆட்டுவாரு. "இதுக்கு வேலை குடுங்கடா. என் கைக்குக் குடுக்காதீங்க!"

எனக்கு அவருன்னா உசுரு. மத்த பசங்க நாடகக்காரங்க பின்னாடி ஜட்காவுல தொங்கிக்கிட்டுப் போனானுங்க. நான் ஜவுளிக்கடை பாய் பின்னாடி போனேன்! துணி பீஸ ஒரு தட்டு தட்டுனா அது மேசை மேல உருண்டு உருண்டு விரியும் பாருங்க, அடேயப்பா! கெஜக்கோல் அவரு கையில இருக்கும், ஆனா அளக்கறது அவரு கண்ணுதான். நானும் கடையில பழைய டியூப எடுத்து அதே மாதிரி தட்டிப் பாப்பேன். அவரு தொப்பிய எந்தச் சாய்வுல வெப்பாரோ அதே சாய்வுல நான் துண்டு கட்டுனேன். ஒரு நாள் பாத்துட்டாரு. "டேய் சைக்கிளு, என்ன மாதிரி ஆவணும்னா மொதல்ல கை கழுவுடா. கிரீஸ் கையோட வந்தா உனக்குக் கறுப்புத் துணிதான் விப்பேன்"ன்னாரு. கடையே சிரிச்சுச்சு. நான் அன்னிக்கு சந்தோஷத்துல சோறே தின்னல.

பாஷான்னு புதுசா ஒரு ஆளு வேலைக்கு வந்தான். நல்லவன், கொஞ்சம் மிடுக்கு ஜாஸ்தி. ஒரு பொண்ணு வீட்டுக்காரங்க கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்திருந்தாங்க. பாய் உள்ள தண்ணி குடிக்கப் போன நேரம். மாப்பிள்ளை சட்டைத் துணிய பாஷா ஓரத்துல பல்லால ஒரு கடி கடிச்சு, சர்ருனு கிழிச்சுட்டான். வேகத்தக் காட்டணும்னு. அவ்ளோதான். பாட்டு பாடிக்கிட்டிருந்த சோடாக்கடைக்காரன் வாய மூடிட்டான். பாய் உள்ளேர்ந்து ஓடி வந்தாரு, மூஞ்சியில ரத்தமே இல்ல. அந்தத் துணிய புடுங்கி மடியில வெச்சிக்கிட்டாரு. "வேற வெட்டித் தர்றேம்மா, வேற பீஸ், புதுசு"ன்னு கெஞ்சுனாரு. பொண்ணோட அம்மா எடுத்த துணியெல்லாம் மேசையிலயே போட்டாங்க. எந்திரிச்சுப் போய்ட்டாங்க. அந்தக் கல்யாணம் நடந்துச்சா இல்லையா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அந்த வீட்டாளுங்க யாரும் அப்புறம் நம்ம பஜார் பக்கமே வரல.

பாய் பாஷாவ திட்டல. மெதுவா சொன்னாரு: "ஊருக்குக் காது இருக்குதுடா. நீ துணியக் கிழிச்சேன்னு நெனைக்கிற. அவங்க காதுல இன்னா வுழுந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?" அதுக்கப்புறம் பாஷா கையில கத்திரியத் தவிர வேற எதுவும் குடுக்கல. கிழிக்கிறத அவன் கத்துக்கவே இல்ல. புதன்கிழமை அந்தச் சத்தம் ஏன் நின்னு நின்னு வந்துச்சுன்னு இப்போ புரியுதா?

எங்க அண்ணன் முனுசாமி தோல் மண்டியில பச்சைத் தோலு பிரிக்கிற வேலை. போன வருஷம் கழுத்துல சின்னதா ஒரு கொப்புளம் வந்துச்சு. வலியே இல்லன்னாரு. மறுநாள் நடுவுல கறுத்துப் போச்சு, சுத்தி வீங்கிருச்சு. மண்டியில வேலை செய்யறவங்களுக்குச் சொல்ல வேணாம், கழுத்துல கறுத்துச்சுன்னா இன்னா அர்த்தம்னு. தோலுலேர்ந்து தொத்தற நோவு, பொழைக்கறது கஷ்டம். வேலூர் ஆஸ்பத்திரிக்கு ரயில்ல கொண்டு போலாம்னு அம்மா அழுதாங்க. ரயில்லயே போய்டுவான்னு பெரியப்பா சொல்லிட்டாரு. அன்னிக்கு வியாழக்கிழமை. பெரியப்பா என்னத் தனியாக் கூப்ட்டாரு. "நாளைக்கு வெள்ளிக்கிழமை, கடை சாத்திடுவாங்க. இப்பவே போயி கோடி வாங்கி வெச்சிடு. இன்னா மொறைக்கிற? நானா ஆசப்பட்டுச் சொல்றேன்?"

சந்துல திரும்பி செருப்பு வாசல்ல கால வெச்சேன். பஜார் அடங்கிப்போச்சு. பாய் என்னப் பாத்தாரு. சைக்கிளுன்னு கூப்டல.

"யாரு?"

"அண்ணன், பாய்."

"மூச்சு இருக்குதா?"

"இருக்குது. ஆனா பொழைக்க மாட்டாருன்னு பெரியப்பா..."

"பெரியப்பா சொன்னத நான் கேக்கல. மூச்சக் கேட்டேன்."

"இருக்குது பாய்."

பீஸ எடுத்து மேசை மேல தட்டுனாரு. உருண்டு விரிஞ்சுச்சு. ரெண்டு கையாலயும் ஓரத்தப் புடிச்சாரு. நான் கண்ண மூடிக்கிட்டேன். சத்தம் வரல. கண்ணத் தொறந்தா, கத்திரிய எடுத்திருக்காரு.

"தோளு அகலம் இன்னா இருக்கும் உங்க அண்ணனுக்கு?"

எனக்குப் புரியல. "தோளா?"

"சட்டைக்குத் தோளு வேணாமாடா? கைய விரிச்சுக் காட்டு."

காட்டுனேன். "இவ்ளோதானா? ஆளா, கோழிக்குஞ்சா?"ன்னாரு. ரெண்டு வெரக்கடை சேத்துக்கிட்டு வெட்டுனாரு. முன்பக்கம், பின்பக்கம், ரெண்டு கை, காலரு. கறுக் கறுக்குனு கத்திரி சத்தம் பஜாரு பூரா கேட்டுச்சு. வேணும்னே சத்தமா வெட்டுனாரு. மடிச்சுக் குடுத்துட்டு நான் சந்துப் பக்கம் திரும்புனதும் என் தோளப் புடிச்சு நிறுத்துனாரு. "அந்தப் பக்கம் இல்ல. துணி வாசல்ல போ. மெதுவா போ. எல்லாரும் பாக்கட்டும்."

வீட்டுல பெரியப்பா பிரிச்சுப் பாத்துட்டுக் குதிச்சாரு. "இன்னாடா இது? கை வெச்சிருக்குது, காலரு வெச்சிருக்குது! பொணத்துக்கு எவன்டா சட்டை தெப்பான்?" கோரைப்பாயில கெடந்த அண்ணன் கண்ணத் தொறந்தாரு. "யாருக்குச் சட்டை?"ன்னு கேட்டாரு. அம்மாதான் சொன்னாங்க, "உனக்குத்தான்டா. பண்டிகைக்கு."

பொழைச்சுக்கிட்டாரு. துணியாலன்னு நான் சொல்ல மாட்டேன். கறுத்தது காஞ்சு ஒதிர்ந்துச்சு, வீக்கம் வடிஞ்சுச்சு, அவ்ளோதான் தெரியும். ஆனா ஊரு வேற மாதிரி பேசுச்சு. செருப்பு வாசல்ல நான் நுழைஞ்சத எல்லாரும் பாத்தாங்க. அன்னிக்கு எங்க வீட்டுல பொணம் வுழல. அப்போ அந்தத் துணி இன்னும் காத்துக்கிட்டிருக்குதுன்னாங்க. மண்டியில அண்ணன் பக்கத்துல ஒருத்தன் உக்கார மாட்டான். பொண்ணு பாத்த எடத்துல ஒண்ணும் சொல்லாமலே நிறுத்திட்டாங்க. "எனக்கே சந்தேகமா இருக்குதுடா, நான் இருக்கேனா?"ன்னு என்கிட்ட கேட்டாரு ஒரு நாள். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாரு.

பாய்தான் ஒத்தையா நின்னாரு. அந்தச் சட்டைய தெச்சுப் போட்டுக்கிட்டு வரச்சொல்லி அண்ணன துணி வாசப் படியில நிக்க வெச்சு, "பாத்துக்குங்க எல்லாரும்! இது சட்டைத் துணி. வெட்டுனவன் நான், எனக்குத் தெரியாதா?"ன்னு கத்துனாரு. அண்ணனப் பாக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"சட்டை எப்படிடா இருக்குது?"

"இருக்குது பாய்."

"கிழிய விடாத."

இத எப்பவும் கிண்டலாத்தான் சொல்லுவாரு. ஆனா ஒரு தடவகூட சொல்லாம விட்டதில்ல.

கடைசி ரெண்டு மாசம் பாய்க்கு இருமல். பீஸ தட்டுனா பாதியில நின்னுக்கும். ஒரு மத்தியானம் ரெண்டு வாசலுக்கும் நடுவுல சும்மா நின்னுக்கிட்டிருந்தாரு. தண்ணி வேணுமான்னு கேக்கப் போனேன். "இந்த ஊரு என் கையவே பாக்குதுடா. ஒருத்தனாவது கத்திரியப் பாக்கறானா?"ன்னாரு.

"நான் பாக்கறேன் பாய்!"

"நீ அசடு. நீ எல்லாத்தையும் பாப்ப." சிரிச்சாரு, இருமுனாரு. அப்புறம் சந்துப் பக்கம் பாத்துக்கிட்டே சொன்னாரு: "எனக்குக் கிழிக்க ஆளு இல்ல சைக்கிளு. பாஷாவுக்கு நான் சொல்லிக் குடுக்கல. சொல்லிக் குடுத்துட்டா வேலை வந்துடுமோன்னு பயம்."

அந்த வேலைதான் புதன்கிழமை வந்துச்சு.

சாயங்காலம் பாயோட மய்யத்து எடுத்தாங்க. பஜாருல அத்தனை கடையும் சாத்திட்டாங்க. அண்ணன் அந்த வெள்ளைச் சட்டையப் போட்டுக்கிட்டு வந்தாரு. வேணாண்ணான்னு சொன்னேன். "அவரு வெட்டுனது. இன்னிக்குப் போடாம வேற என்னிக்குப் போடறது?"ன்னாரு. மசூதித் திருப்பத்துல தோள் குடுக்க அண்ணன் முறை வந்துச்சு. பாயக் கெடத்துன சந்தூக்குப் பொட்டிக்கு அடியில தோளக் குடுத்துக் கைய மேல தூக்குனாரு. பொழைச்சு எழுந்தப்புறம் ஆளு நல்லா தடிச்சிருந்தாரு. பாய் சேத்து வெட்டுன ரெண்டு வெரக்கடையும் பத்தல.

சர்ருனு கேட்டுச்சு.

நிக்காம, ஒரே இழுப்பா.

முன்னாடி போனவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. சத்தியமாச் சொல்றேன், அது பாய் கிழிக்கிற சத்தம். அண்ணன் தோள எடுக்கல. மூஞ்சி மட்டும் சுண்ணாம்பாப் போச்சு. கபர்ஸ்தான் வரைக்கும் தூக்கிக்கிட்டு வந்தாரு. யாருக்கும் முறை மாத்திக் குடுக்கல.

மண்ணு போட்டுட்டு எல்லாரும் கலைஞ்சாங்க. பாஷா மட்டும் எங்க பின்னாடியே வந்தான். "வீட்டுக்குப் போவாதீங்க. கடைக்கு வாங்க"ன்னான். துணி வாசல மட்டும் தொறந்தான். பாயோட கத்திரி மேசை மேல அப்படியே இருந்துச்சு. அண்ணன நிக்க வெச்சுப் பாத்தான். தோளுக்குக் கீழ, சட்டைக் கையில, பாதிச் சுத்துக்குக் கிழிஞ்சிருந்துச்சு.

"தெச்சுடலாமா?"ன்னு கேட்டேன்.

"தெச்சாலும் கிழிஞ்சதுதான்"ன்னான். கத்திரிய எடுத்து, கிழிசலுக்கு மேலயே, தோள் ஓரமா சுத்தி வெட்டுனான். கறுக் கறுக்குனு, பாய் மாதிரியே சத்தமா. கை தனியா வந்துச்சு. இன்னொரு கையையும் வெட்டுனான். "கிழிஞ்சது பூரா கையோட போய்டுச்சு. இப்ப சட்டையில இருக்கிறது வெட்டு மட்டும்தான். போங்கண்ணா. துணி வாசல்ல போங்க." அண்ணன் கையில்லாத சட்டையோட படி எறங்கிப் போனாரு. பாஷா அவரு போறதயே பாத்துக்கிட்டிருந்தான். பாவம், காலையிலதான் அவன் மொத தடவ சாவுக்குன்னு கிழிச்சிருக்கான், அதுவும் பாய்க்கு.

கிழிஞ்ச கை மேசை மேல கெடந்துச்சு. அத கடையில வெச்சிக்க முடியாது. துணி வாசல்ல கொண்டு போகவும் முடியாது. பாஷா அதத் தொடல. நான் எடுத்துக்கிட்டேன்.

காதர் பாய்கிட்டேர்ந்து எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான். அவரு வெட்டுன துணி, அவரு வேணாம்னு சொன்ன கிழிசல். என் கடையில பஞ்சர் சாமான் பொட்டியில மடிச்சு வெச்சிருக்கேன். தூக்கிப் போட தைரியம் இல்ல. தூக்கிப் போட்டா அது எங்க போயிச் சேரும்? என்கிட்டயே இருக்கட்டும். கிழிய விடாதன்னு சொன்னவரு இல்ல இப்போ. பாத்துக்க யாராவது வேணும் இல்லையா?

அன்னிக்கு அத எடுத்துக்கிட்டு, செருப்பு வாசல நானே தொறந்து சந்துல எறங்குனேன். கபர்ஸ்தான்லேர்ந்து திரும்பி, சாத்துன கடை வாசல்ல ஒக்காந்திருந்தவங்க எல்லாம் எந்திரிச்சு நின்னாங்க. கோவிந்து அண்ணன் தனக்குன்னு வெத்தலைய மடிக்கப் போனவரு நிறுத்துனாரு.

"சைக்கிளு, அது யாருக்குடா?"

"எனக்குண்ணா"ன்னேன். "பாய் குடுத்தது."

சுண்ணாம்பு தடவாமலே வெத்தலைய மடிச்சாரு.