எனக்காக விரித்த கட்டில்கள்

படுக்கை விரிப்பு வெள்ளை வெளேரென்று இருந்தால் அதில் யாரும் படுப்பதில்லை என்று அர்த்தம். இது எனக்கு நாற்பதை நெருங்கும்வரை தெரியாது. சுகாதார இன்ஸ்பெக்டராகச் சம்பளம் வாங்கிக்கொண்டு இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எழுபதுகளின் கடைசியில் மலைமேல் ஜமுனாமரத்தூர் பக்கம், ஆதரவற்ற முதியவர்களுக்கென்று ஒரு தனியார் விடுதி இருந்தது. அதைத் தணிக்கை செய்வது என் பொறுப்பு. வருகிற தேதியைக் கார்டு போட்டுச் சொல்லிவிடுவேன். சொல்லாமல் போவது மரியாதையில்லை என்பது எங்கள் அலுவலகத்தின் நாகரிகம். போனால், கட்டிலுக்குக் கட்டில் விரிப்பு பால்போல இருக்கும். விரலால் தடவி, "பேஷ்" என்பேன். கீழே எந்த ஆஸ்பத்திரியிலும் இப்படிக் கிடையாது என்று பார்த்தவர்களிடமெல்லாம் அளந்தேன்.

ஒரு மார்கழியில் வேறு வேலையாக மலையேறியவன், திரும்பும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, ராத்திரி தங்க விடுதிக்குள் நுழைந்தேன். கட்டில்கள் சுருக்கமில்லாமல் காலியாக இருந்தன. முதியவர்கள் அத்தனை பேரும் சிமெண்டுத் தரையில் கோணிப்பையை விரித்துச் சுருண்டு கிடந்தார்கள்.

வார்டன் சங்கடப்படவே இல்லை. "இந்தக் குளுருல துணி எங்க சார் காயுது? தெனம் படுத்துக்கினா, நீங்க வரும்போது இன்னாத்த காட்றது?"

வரிசையின் கடைசியில் ஒரு கிழவர், சாமை விதைத்தே இடுப்பு வளைந்தவர், தரையின் குளிரில் முனகிக்கொண்டிருந்தார். அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தச் சொன்னேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டே கேட்டார்: "நீங்க போனதும் எறங்கிடணுமா சாமி?"

"வேணாம். இனிமே இது உங்க கட்டில்" என்றேன், என் சொந்த நிலத்தைப் பட்டா எழுதிக் கொடுப்பவன் மாதிரி. விரிப்பு அழுக்கானால் ஆகட்டும், ஆட்கள் மேலேதான் படுக்க வேண்டும் என்று வார்டனையும் கண்டித்துவிட்டு, நல்லது செய்த நிறைவோடு காலையில் மலையிறங்கினேன்.

அடுத்த தணிக்கைக்கும் கார்டு போட்டேன். பழக்கதோஷம். சொல்லாமல் ஒரு பஸ் ஏறியிருந்தால் போதும். அது எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் மனதை அறுப்பது அதுதான்.

கிழவர் கட்டிலில்தான் இருந்தார். நன்றியை எதிர்பார்த்துக் குனிந்து, "இப்ப நல்லா தூக்கம் வருதுங்களா பெரியவரே?" என்றேன்.

"நேத்து சாயங்காலந்தான் ஏத்தி வுட்டாங்க சாமி. ராத்திரி நல்லாத் தூங்குனேன்" என்றவர், கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: "நீங்க நாளைக்கி வந்திருக்கக் கூடாதா?"