வேக வைத்த நிலாத்தூள்

எனக்கு வயது எழுபத்தேழு. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. கொழுந்தனாரும் அவர் மனைவியும் அடுத்தடுத்துப் போன பிறகு, அவர்கள் பிள்ளைகள் இரண்டும் என் பிள்ளைகளாகவே வளர்ந்தார்கள். ஐந்தில் ஒன்றுகூட சோடை போகவில்லை. இதை நானே சொல்லிக்கொள்ளலாமா? சொல்லலாம். வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

வழக்கமாக இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும்... நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டைக் கூட்டிப் படிப்பேன். நான் சொல்லச் சொல்ல, பேத்தி தன்வி போனில் தட்டுவாள். அவள் புனேவில் பிறந்தவள், தமிழை அவளும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். இரண்டு பேரும் சேர்ந்தால் படித்தவர் ஒருவர் தேறுவார்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு போன். மறுமுனையில் ஸ்டெல்லா டாக்டர்.

“ஆன்ட்டி, செத்துப் போச்சு ஆன்ட்டி. நிறைய செத்துப் போச்சு.”

அந்தக் குரலில் அழுகை இல்லை. பரீட்சையில் பாஸான பிள்ளையின் குரல். நானும் சந்தோஷம் தாங்காமல், “நல்லது கண்ணு, நல்லது” என்றேன். பக்கத்தில் பால் பை வைத்துக்கொண்டிருந்த மராத்திக்காரப் பையன் தமிழ் தெரியாதவன், நல்ல வேளை.

எது செத்தது? அதில் என்ன சந்தோஷம்? பொறுங்கள், நிதானமாகத்தான் சொல்வேன்.

என் கடைக்குட்டி சுதா. புனேவில், ஔந்து பகுதியில் அவள் ஃபிளாட்டில்தான் இருக்கிறேன். ஹிஞ்சவடியில் நல்ல ஐ.டி. வேலையில் இருந்தவள், அதை விட்டுவிட்டு ஒரு ஆராய்ச்சித் திட்டத்துக்கு மேனேஜராகப் போனாள். “அங்க என்ன பண்ணுவ?” என்று கேட்டேன். “ஒருத்தருக்குத் தெரிஞ்சதை இன்னொருத்தருக்குத் தெரிய வைக்கணும்மா” என்றாள். இதற்கு ஒரு வேலையா, சம்பளமா? அதை நம் தெருவில் நாலு பேர் சும்மாவே செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆராய்ச்சி என்னவென்றால், நிலாத் தூசி. நிலாவில் காற்றில்லை, மழையில்லை. தூசி உருண்டு தேய வழியில்லை. ஒவ்வொரு துகளும் உடைந்த கண்ணாடி மாதிரி கூர்மை. மனிதர்கள் அங்கே போய்த் தங்கினால், உடுப்பில் ஒட்டிக்கொண்டு உள்ளே வரும், மூக்கில் ஏறும். மூக்குக்கு மேலே என்ன இருக்கிறது? மூளை. அதை அந்தத் தூசி கெடுக்குமா, கெடுக்காதா? இதுதான் கேள்வி.

நிஜ நிலாத் தூசிக்கு எங்கே போவது? அதற்குத்தான் குல்கர்ணி. கிரகங்களின் கல்லையும் மண்ணையும் படிக்கிறவர். நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக் கல் வரவழைத்து அரைக்கிறார். நிலாவின் மேட்டு நிலத்துக் கல்லுக்கு அது கிட்டத்தட்ட சொந்தக்காரனாம். கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பிறந்த வீடு நாமக்கல். சம்பந்தம் எது வரைக்கும் போகிறது பாருங்கள்.

அவர் அரைத்த தூளை ஸ்டெல்லாவுக்கு அனுப்புவார். கேம்ப் பகுதியில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். எந்த விஷம் மூளையை என்ன செய்யும் என்பதுதான் அவள் படிப்பு. சின்னத் தட்டுகளில் நரம்புச் செல்களை வளர்த்து, அதில் தூளைத் தூவிப் பார்ப்பாள்.

தூவினாள். ஒன்றும் ஆகவில்லை. திரும்பத் தூவினாள், அப்போதும் ஒன்றும் ஆகவில்லை.

குல்கர்ணிக்குக் கோபம். அவருடைய சோதனையில் தூள் மிளகாய் மாதிரிக் காரமாக இருக்கிறது. அவள் தட்டுக்குப் போனால் பச்சைத் தண்ணீர். “உங்க செல் தூங்குது” என்று அவர் எழுத, “உங்க தூள் வெறும் தூள்” என்று அவள் எழுத... கடைசியில் பேச்சே நின்றது. மெயில்கூட சுதா வழியாகத்தான். சம்பந்தி சண்டை தோற்றது.

நடுவில் மாட்டியவள் என் பெண். மேலே இருக்கும் கமிட்டி அந்த மாதக் கடைசிக்குள் பதில் கேட்டது. இரண்டு பேர் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள். ஒத்துப்போன மாதிரி எழுத ஒரே வழி — ‘தீங்கில்லை’ என்று எழுதுவது. செல் பிழைத்துத்தானே இருக்கிறது?

“எழுதிட வேண்டியதுதான?” என்றேன்.

“எழுதிடலாம். நாளைக்கு யாராவது அதை நம்பி அங்க போய் மூச்சு விட்டா?”

சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தது தப்போ என்று அவள் கேட்கவில்லை. முகம் கேட்டது.

அப்புறம் அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். வாயில் சோறு இருந்தால் சண்டை கொஞ்சம் குறையும் என்று ஒரு நம்பிக்கை.

அரிசியும் பருப்பும் சாதம், நெய், அப்பளம், கத்திரிக்காய். குல்கர்ணி ஒரு வாய் வைத்தார். “வாஹ் மாவ்ஷி, கிச்சடி ஃபர்ஸ்ட் கிளாஸ்” என்றார். கிச்சடி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மாவ்ஷி என்றால் மராத்தியில் சித்தி. முறை சொல்லிக் கூப்பிட்டதால் விட்டுவிட்டேன்.

ஸ்டெல்லா என்ன செய்தாள் தெரியுமா? நான் கழுவித் துடைத்து வைத்த ஸ்பூனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கெட்டிலில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை அதன் மேல் ஊற்றினாள். பிறகு தட்டின் மேலும்.

எனக்கு எப்படி இருக்கும்? ஐந்து பிள்ளைகள் சாப்பிட்ட பாத்திரம். ஒருவருக்கு வயிற்றுவலி வந்ததில்லை.

“ஏன் கண்ணு, என்ற ஊட்டுச் சாமான் அத்தனை அழுக்காவா இருக்குது?”

“அம்மா, செத்த சும்மா இரு” — இது சுதா.

“நான் எதுக்குச் சும்மா இருக்கோணும்?”

ஸ்டெல்லாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “தப்பா நினைக்காதீங்க ஆன்ட்டி. ஆதத்... பழக்கம் ஆயிடுச்சு. லேப்ல எதைத் தொட்டாலும் ஆவியில வேக வெச்சுட்டுத்தான் தொடுவேன். வீட்ல அம்மாகூட திட்டுவாங்க.”

குல்கர்ணிக்குத் தமிழ் தெரியாது. எதற்குச் சத்தம் என்று கேட்டார். ஸ்டெல்லாவே ஹிந்தியில் சொன்னாள். இனி நடந்ததெல்லாம் ஹிந்தி. எனக்கு மார்க்கெட் ஹிந்தி நன்றாகவே வரும், தமிழில் சொல்கிறேன்.

“எதைத் தொட்டாலுமா?” என்றார் அவர். வாய்க்குப் போன கை பாதியில் நின்றது.

“செல்லுக்குப் பக்கத்துல போற எல்லாத்தையும். தட்டு, ட்யூப், தண்ணி...”

“என் தூளையும்?”

“உங்க தூளையும்தான். கிருமி இருந்தா செல் கெட்டுடுமே. கல்லுதானே, வெந்தா கரைஞ்சா போயிடும்?”

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். “ஈரக் காத்து படாம அரைச்சு, ஈரக் காத்து படாம அடைச்சு, கல்யாணப் பொண்ணு மாதிரி அனுப்பறேன். புதுசா உடைஞ்ச கல்லுக்குத்தான் அந்தக் காரம். ஈரம் பட்டா அடங்கிடும். நீங்க அதை இட்லிப் பானையில வெச்சீங்களா?”

“இட்லிப் பானை இல்லை. பிரஷர் குக்கர் மாதிரி.”

“ஏன் என்கிட்ட சொல்லலை?”

“இதைக்கூடவா சொல்லணும்? செல் வளர்க்கிற எல்லாரும் செய்யறதுதானே. ஈரம் படக்கூடாதுன்னு நீங்க ஏன் சொல்லலை?”

“இதைக்கூடவா சொல்லணும்? தூள் அரைக்கிற எல்லாருக்கும்...”

பாதியில் நிறுத்திவிட்டார். பிறகு சுதா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்தது சிரிப்பால் மட்டும் இல்லை என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

பாயசத்துக்குக்கூட யாரும் நிற்கவில்லை. அப்படியே காரில் ஏறி லேபுக்குக் கிளம்பினார்கள். நானும் ஏறிக்கொண்டேன். சண்டை என் ஸ்பூனில் ஆரம்பித்தது, முடிவைப் பார்க்க வேண்டாமா?

என்ன அழகு தெரியுமா அந்த இடம்! ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் நீளக் கையுறைகள் தொங்குகின்றன. வெளியில் நின்றுகொண்டே உள்ளே வேலை செய்யலாம். எனக்கும் மூக்குக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டினார்கள். சுதா ஒரு சட்டம் போட்டாள்: ஒருத்தர் வேலை செய்ய, இன்னொருத்தர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு முட்டாள்தனமான கேள்வியாக இருந்தாலும் சரி.

இன்னும் அகப்பட்டது. குல்கர்ணி, மெஷினைத் துடைக்கச் சோம்பல் பட்டு, மாதத்துக்கு வேண்டியதை மொத்தமாக அரைத்து வைப்பாராம். ஸ்டெல்லா பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து, எடுத்த கையோடு திறப்பாளாம். வேர்த்து வழியும் பாட்டிலை! அவரவர் வீட்டில் அதுதான் வழக்கம். எழுதி வைத்ததில் ஒன்றுகூட இல்லை.

“எல்லாம் ஷேர்டு ஃபோல்டர்ல போட்டு வெச்சிருந்தேம்மா” என்றாள் சுதா.

“போட்டது இருக்கும். போடாதது எப்படி இருக்கும்?” என்றேன்.

அதற்குப் பிறகு, கல்லை முதலிலேயே உலர்ந்த சூட்டில் சுத்தம் செய்து, பெட்டிக்குள் அரைத்து, அரைத்த சூட்டோடு தட்டில் தூவினார்கள். அதன் முடிவுதான் செவ்வாய்க்கிழமை போன். செத்தது நரம்புச் செல். தூசி பொல்லாதது. நல்ல வேளை, ‘தீங்கில்லை’ என்று எழுதவில்லை.

ஸ்டெல்லா கூடவே எச்சரிக்கையும் செய்தாள். ஒரு தடவை பார்த்தது போதாதாம், திரும்பத் திரும்பச் செய்து பார்த்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியுமாம். கமிட்டி அவகாசம் கொடுத்துவிட்டது. சுதா அன்று மூன்று தோசை சாப்பிட்டாள். கேட்டுப் போட்டுக்கொண்டு.

யோசித்துப் பார்க்கிறேன். என் மூத்த மகள் பெங்களூரில் முதன்முதலாகத் தயிருக்கு உறை ஊற்றியபோது, போனில் எல்லாம் சொன்னேன். பால் நன்றாகக் கொதிக்க வேண்டும், மோர் புளித்திருக்கக் கூடாது, மூடி வைக்க வேண்டும். ஆற வைக்கச் சொல்லவில்லை. கொதிக்கிற பாலில் ஊற்றிவிட்டு, மறுநாள் என்னோடு சண்டைக்கு வந்தாள். இதைக்கூடவா சொல்லணும் என்று நானும் கத்தினேன்.

தெரியாததை யாரும் மறைப்பதில்லை. நன்றாகத் தெரிந்ததைத்தான் சொல்லாமல் விடுகிறோம். உங்கள் வீட்டில் எப்படி?

சரி, தன்வி கண்ணு... தட்டினது போதும். முதல்லிருந்து ஒருக்கா வாசி. நான் சொன்னதை நடுவுல நீ எங்கயாவது வேக வெச்சிட்டயான்னு பாக்கோணும்.