இடுப்பில் முடிந்த ஆணி

ஆமத்தூர்ப் பக்கம் எங்கு திரும்பினாலும் பட்டாசு ஆலைதான் என்றாலும், பொன்னுத்தங்கம் வேலை பார்க்கும் கம்பெனியில் பட்டாசு கிடையாது. மீன்பிடிப் படகுகளுக்குத் திசை காட்டும் எலெக்ட்ரானிக் சென்சார் செய்கிறார்கள். அது வடக்கை வடக்கு என்றுதான் சொல்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. மர மேஜைமேல் டிகிரிக் கோடு போட்ட சுழல்தட்டு இருக்கும். முப்பது முப்பது டிகிரியாகத் திருப்பி, பன்னிரண்டு இடத்தில் சென்சார் காட்டும் எண்ணைக் குறிக்க வேண்டும். ஒரு டிகிரிக்கு மேல் பிசகினால் ரிஜெக்ட். இரும்பு கிட்டே வந்தால் எண் கோணிக்கொள்ளும் என்பதால் செல்போன், சாவி, கொண்டை ஊசி எல்லாம் வாசலோடு சரி. ஏழு வருஷத்தில் அவள் ஓர் எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை. அப்படியொரு பிடிவாதக்காரி!

அந்த ஆடியில் அவளுக்கு நாள் தள்ளியது. ஏற்கெனவே இரண்டு கலைந்திருந்தன. மாமியார் சின்னத்தாய்க்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். காத்துக் கருப்பு அண்டாமலிருக்க ஓர் இரும்பாணியைத் துணியில் சுற்றி, மருமகளின் பாவாடை நாடாவில் முடிந்துவிட்டாள்.

"பேறு முடியிற மட்டும் இத களட்டாத தாயி. மூணு மாசம் தாண்டாம வெளியவும் மூச்சு விட்டுராத."

"சரித்தே."

மறுநாள் அவசரத்தில் அதை மறந்தே வேலைக்குப் போய்விட்டாள். தட்டில் வைத்த சென்சார் ஒன்றுவிடாமல் மூன்று டிகிரி வரை பிசகியது. சூப்பர்வைசர் சூர்யபிரகாஷ் ஓடி வந்தான்.

"என்னக்கா, இருபதும் ரிஜெக்ட்டா? லோடு மொத்தத்தையும் திருப்பி அனுப்பச் சொல்லுதீகளா?"

அவளுக்குச் சட்டென்று விளங்கியது. இரண்டு எட்டு பின்னால் போனாள். எண் ஒழுங்காக நின்றது. அந்த மூன்றைக் கழித்து எழுதிவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நிஜமாகவே பிசகிய சென்சார் ஒன்று நடுவில் இருந்தால், முப்பது மைல் கடலுக்குள் போனவன் ஒன்றரை மைல் தள்ளி நிற்பான் ஐயா. அவன் வீட்டிலும் பிள்ளைகள் இருக்குமே. வேறு வேலை கேட்கலாமென்றால் காரணம் சொல்ல வேண்டும். மூன்று மாதம் தாண்டவில்லை. ஆணியை அவிழ்த்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து வாசலில் விட்டாள். சாயங்காலம் மறுபடி முடிந்துகொண்டாள். தினமும் இதே கதைதான்.

பத்தாவது வாரம் மேஜையருகிலேயே வலி கண்டது. விருதுநகர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "கரு சரியா வளரலைம்மா. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல" என்று இரண்டு தடவை சொன்னார். புத்தி ஒத்துக்கொண்டது. மனசு கேட்கவில்லையே, பாவி மனசு!

வீட்டுக்கு வந்த அன்று சின்னத்தாய் தலைமாட்டில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"நான் முடிஞ்சுவிட்டத எங்கனயும் களட்டலையே தாயி?"

"இல்லத்தே. களட்டவே இல்ல."

சின்னத்தாய் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள்.

"அப்ப ஏங்கைதான் ராசியில்லாத கை. பாவி நான் தொட்டு முடிஞ்சதாலதான் நிக்கல" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

உண்மையைச் சொல்லப் பொன்னுத்தங்கம் வாயைத் திறந்தாள். அந்தக் கைகளைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு அவளும் அழுதாள்.