செய்தவன் இருக்கிற இடம்

தேங்காய் துருவும் திருவலைகளை நாரந்தனையில் என் பட்டறையில் செய்கிறேன். முதல் தடவையாக ஆறு திருவலைகளை ஊர்காவற்றுறையில் ஒரு கடைக்குக் கொண்டு போனேன். பேசக் கூச்சமென்பதால், அவற்றின் பலகைகளில் ‘உள்ளூர்த் தயாரிப்பு’ என்று முன்கூட்டியே எழுதியிருந்தேன்.

கடைக்காரர் வாசித்துவிட்டுச் சிரித்தார்.

“இரும்பு எங்கத்தையது?”

“இந்தியா.”

“ஆணி?”

“சீனாவாக்கும். பலகை எங்கட வீட்டு வளவு வேம்பு, அண்ணை.”

“அப்ப வேம்பு மட்டும்தான் உள்ளூர். கொண்டுபோம். கொழும்புச் சாமான் இதைவிடப் பளபளப்பு.”

திருவலைகளைத் திரும்பச் சாக்கில் போடத் தொடங்கினேன். அந்நேரம் ஒரு அக்கா பளபளப்பான திருவலையொன்றோடு உள்ளே வந்தார்.

“போன வருசம் இங்கை வாங்கினது. பல்லு மழுங்கிப்போச்சு, தீட்டித் தாங்கோ.”

“அது ஏலாது, பிள்ளை. செய்தவன் ஆரெண்டே எனக்குத் தெரியாது.”

அக்கா என் சாக்கைப் பார்த்தார். “இதின்ர பல்லு மழுங்கினா?”

எனக்கே தெரியாமல் குரல் வந்தது. “நாரந்தனைக்குக் கொண்டு வாங்கோ அக்கா. செய்தவன் நான்தான். தீட்டித் தருவன்.”

அவர் ஒன்றை அங்கேயே வாங்கினார். கடைக்காரர் மிச்ச ஐந்தையும் வாங்கி, எழுத்துத் தெரியும்படி வாசலில் அடுக்கினார். பஸ்ஸுக்குக் காத்திராமல், வெறுஞ்சாக்கைத் தோளில் போட்டபடி வீடுவரை நடந்தேன்.