உள்ளிருந்து வந்த தட்டல்

பலெர்மோவுக்கு வந்த புதிதில், அதன் கடலோரப் பகுதியான ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரோடு பாத்திரம் கழுவினேன். ஊரில் சண்டை ஓய்ந்திருந்த காலம். நெடிய மனிதர், கூரை தாழ்ந்த இடத்தில் நிற்பவர்போல எப்போதும் கழுத்தை வளைத்திருப்பார். குளிர் அறையின் இரும்புக் கதவைத் திறக்குமுன் இரண்டு தரம் தட்டிவிட்டுக் காதுகொடுத்து நிற்பார். இத்தாலியச் சமையற்காரர்கள் சிரிப்பார்கள்.

ஒரு மத்தியானம் கேட்டேன்.

"அண்ணை, உள்ளுக்கை ஆர் இருக்கினம்?"

"நான் ஊரிலை மெக்கானிக், தம்பி. சண்டை நடந்த வெட்டை வெளியிலை ஆமியின்ரை கவச வண்டி ஒண்டு கிடந்தது. சங்கிலிச் சில்லு வண்டி. அந்தச் சங்கிலியைக் கழட்ட இயக்கக்காரர் என்னை அனுப்பினவை. ரெண்டு நாளும் மத்தியானத்திலை உள்ளுக்கை தட்டுற சத்தம் கேட்டது. வெய்யிலுக்கு இரும்பு விரியுது எண்டு நினைச்சன். மூண்டாம் நாள் பின்கதவைத் திறந்தால், ஒரு ஆமிக்காரன் செத்துக் கிடக்கிறான். கை கதவோடை."

நான் கையிலிருந்த தட்டைக் கழுவி அடுக்கில் வைத்தேன்.

"அவனைப் புதைச்சாப் பிறகும், அடுத்த நாள் மத்தியானம் வண்டிக்குள்ளை தட்டுற சத்தம் கேட்டது. அப்ப முந்திக் கேட்டதும் இரும்புதானே?"

அவர் கண்கள் என் முகத்தைவிட்டு அகலவில்லை.

"ஓம் அண்ணை, இரும்புதான்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். கவச வண்டியொன்றை நான் கிட்ட நின்று பார்த்ததுகூட இல்லை. இரும்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?