கொக்கியில் கட்டிய காப்பு

தேயிலைத் தோட்டத்தைப் படம் பிடிக்க வருகிறவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்ணைப் பிடிப்பார்கள்; துரையின் பங்களாவைப் பிடிப்பார்கள்; மூடுபனியைக்கூட விடமாட்டார்கள். சாலையோரத்திலும் ஓடைச் சரிவிலும் புல் வெட்டுகிற பெண் மட்டும் எந்தப் படத்திலும் இருக்கமாட்டாள். படம் அழகாக வருவதற்காகப் புல்லை வெட்டச் சொல்லிவிட்டு, அவளை அப்பால் போகச் சொல்லியிருப்பார்கள்.

இயந்திரத்தை உடம்புக்குப் பொருத்திக்கொடுக்கும் தொழில் என்னுடையது. யாரும் கேட்காத பேச்சைத் தினமும் பேசும் தொழில் என்றும் சொல்லலாம். எண்பதுகளின் தொடக்கத்தில், விவசாயப் பட்டத்தோடு கேமரன் மலையின் ஒரு தோட்டத்தில் சேர்ந்தேன். புதிதாக வந்த புல்வெட்டும் இயந்திரங்கள் என் பொறுப்பு. நல்லது சொல்லிக் கெட்ட பெயர் வாங்கிய வாசகர்கள் என் பக்கத்தில் வந்து உட்காரலாம்.

எல்லாருக்கும் ஒரே தோள்

அந்த இயந்திரம் தோளில் மாட்டும் வாரில் தொங்கும். நீண்ட தண்டின் பின்முனையில் எஞ்சின், முன்முனையில் சுழலும் கத்தி. வாரின் நீளத்தை ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும். எங்கள் தோட்டத்திலோ காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்ததும் கைக்குக் கிடைத்த இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போவதுதான் வழக்கம். ஆகவே கங்காணி எல்லா வார்களையும் தன் உயரத்துக்கு இழுத்து, மறுபடி நகராதபடி முடிச்சுப் போட்டுவைத்தார். அவர் ஆறடி. பெண்கள் அவர் நெஞ்சளவு.

முடிச்சுகளை அவிழ்க்கச் சொன்னேன். அவர் பொறுமையாக எனக்கு விளக்கினார்: "மெஷினு வெள்ளைக்காரன் அளவுக்குச் செஞ்சது மிஸ். நாமதான் கொஞ்சம் வளரணும் லா."

தகடும் கோழியும்

கத்தியின் பின்புறம் ஒரு மறைப்புத் தகடு உண்டு. கல் தெறித்தால் அதுதான் காலைக் காக்கும். சின்னப்பன் என்பவர் அதைக் கழற்றித் தன் கோழிகளுக்குத் தீனித் தட்டாக்கியிருந்தார். அவர் குடியிருந்த லயத்துக்கே போய்க் கோழிகளை விரட்டி எடுத்துவந்தேன். கோழிகள்கூட என்னை மன்னித்துவிட்டன, சின்னப்பன் மன்னிக்கவில்லை.

"தகடு இருந்தா ஈரப்புல்லு அடைக்குது, இல்லாட்டி கல்லு அடிக்குது. அடைச்சா கங்காணி ஏசுவாரு, அடிச்சா டிரெஸ்ஸர் மருந்து போடுவாரு. ஏச்சுக்கு மருந்து தேவலாம் மிஸ்."

இடுப்பெலும்புக்குக் கீழே

காளியம்மா அதுவரை களைக்கொல்லி அடித்தவள். முதுகில் மருந்து டாங்கியைச் சுமந்து சுமந்து, அவள் விரல் நகங்கள் வெளுத்துக் கழன்றுகொண்டிருந்தன. இயந்திரம் தூக்கத் தெரிந்தால் டாங்கியை இறக்கிவைக்கலாம் என்று கங்காணி சொல்லியிருந்தார். தூக்க முடியாதவள் டாங்கிக்குத் திரும்ப வேண்டும். கங்காணியின் முடிச்சுப் போட்ட வாரில் இயந்திரம் அவள் முழங்காலில் இடித்தது. ஒரு வாரம் அதைத் தூக்கவில்லை, இழுத்தாள்.

ஒரு நாள் எஞ்சினை அணைக்கச் சொல்லி, எண்ணெயை நிரப்பி, அவளைச் சமதரையில் நிறுத்தினேன். முடிச்சை அவிழ்த்தேன். கொக்கி வலது இடுப்பெலும்புக்கு ஓர் உள்ளங்கை அகலம் கீழே வரும்படி வாரைச் சுருக்கினேன். முழங்கைகள் லேசாக மடங்கும்படி கைப்பிடியைத் திருப்பி முடுக்கினேன். கையை விட்டபோது கத்தி தரைக்குச் சற்று மேலே, தராசுத் தட்டுப்போல் நின்றது. கடைசியாகக் கொக்கியின் சிவப்பு நாக்கைக் காட்டினேன். வழுக்கினால் அதை ஓர் இழுப்பு இழுக்க வேண்டும். இயந்திரம் தனியே விழும், ஆள் தப்பிக்கலாம். இழுத்துப் பார்க்கச் சொன்னேன். மறுபடி, மறுபடி, நான் சலிக்கும்வரை இழுத்துப் பார்த்தாள்.

பிறகு சிரித்தாள். "இத்தன நாளா நாந்தான் மிஸ் மெஷினுல தொங்கிக்கிட்டு இருந்தேன். இன்னிக்குத்தான் அது என் மேல தொங்குது."

துரையின் தத்துவம்

மறுநாள் அதே இயந்திரம் இன்னொருவர் கையில், அதே வார் மறுபடி கங்காணியின் உயரத்தில். பெண்களுக்குத் தனி வார்கள் வேண்டும் என்று தோட்ட மேலாளரான துரையிடம் கேட்கப் போனேன். வெள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள்; இவர் நம்மவர்தான். நாற்காலி மட்டும் பழையது. தேநீரை ஆறவிடாமல் குடித்து முடித்துச் சொன்னார்: "பொம்பளைங்களுக்குத் தனி வார் குடுத்தா, அப்புறம் தனி மலை கேப்பாங்க."

ஸ்டோரில் ஒதுக்கிப் போட்டிருந்த, கொக்கி மட்டும் பழுதில்லாத கிழிந்த வாரொன்றைக் கேட்டு வாங்கினேன். காளியம்மா அதைத் தானா ராத்தா பட்டணத்தில் ஒரு தையல்காரரிடம் கொடுத்துத் தன் அளவுக்குத் தைத்துவந்தாள். தினமும் அதைத் தோளில் போட்டுக்கொண்டே பெரட்டுக்கு வந்தாள். கிடைத்த இயந்திரம் எதுவானாலும் வார் அவளுடையது. கழுத்து வலிக்கிறதா என்று கேட்டேன். "நகம் முளைக்குது மிஸ், பாருங்க" என்று கையை நீட்டினாள்.

ஆயுத பூஜை

அந்த ஆண்டு இயந்திரங்களுக்குச் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் ஆயிற்று. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. பூசாரி மஞ்சள் கயிற்றை எடுத்து, காளியம்மாவின் வாரையும் விடாமல் ஒவ்வொரு வாரிலும் சிவப்பு நாக்கோடு கொக்கியைச் சேர்த்து இறுகச் சுற்றி முடிச்சுப் போட்டபோதுதான் எழுந்தேன். கைப்பிடியில் கட்டச் சொன்னேன். கங்காணி குறுக்கே வந்தார். "கைப்பிடில கட்டுனா கைக்குத்தான் காப்பு மிஸ். கொக்கியில கட்டுனாத்தான் ஆளுக்குக் காப்பு."

துரையிடம் சொன்னேன், சாமி விஷயத்தில் ஆபீஸ் தலையிடாது என்றார். கயிற்றை அறுக்க ஒரு பேனாக்கத்தியை எடுத்துக்கொண்டு காளியம்மாவின் லயத்துக்குப் போனேன். அவள் வாரை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அவள் பயந்தது சாமிக்கு அல்ல.

"கயித்த அறுத்தவன்னு பேரு வந்தா, நாளைக்கு எந்த மெஷினு நின்னாலும் எம்மேலதான் பழி. அப்புறம் டாங்கிதான் மிஸ் எனக்கு. கயிறு தானா இத்துப் போவும், விடுங்க."

ஓடைச் சரிவு

கயிறு இற்றுப்போகவில்லை, மழையில் ஊறி இன்னும் இறுகியது. தூறலில் ஓடைச் சரிவை வெட்டச் சொல்லி ஆட்களை அனுப்பினார்கள். காளியம்மா பாசியில் கால் வைத்து வழுக்கினாள். நாக்கை இழுத்தாள். கொக்கி விடவில்லை. இயந்திரம் அவளோடு உருண்டது. கத்தி ரப்பர் பூட்ஸைக் கிழித்து இடது பாதத்தின் முன்பகுதியை எடுத்துவிட்டது.

லோரியில் அவளைக் கிடத்திக்கொண்டு போகும்போது கங்காணி அழுதார், உண்மையாகவே அழுதார். அழுதுகொண்டே என்னிடம் சொன்னார்: "காப்பு கட்டுனதாலதான் மிஸ் காலோட போச்சு."

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் காளியம்மா என்னைத் தேடினாள். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன், ஏசியிருக்கலாம். பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளையைப்போல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க காட்டுன மாதிரியேதான் இழுத்தேன் மிஸ். சரியாத்தான் இழுத்தேன்."

அதன்பின் காளியம்மா இயந்திரத்துக்கும் திரும்பவில்லை, மருந்து டாங்கிக்கும் திரும்பவில்லை. நொண்டிக்கொண்டே ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள், அவள் அளவுக்குத் தைத்த வார் அங்கே உத்தரத்தில் தொட்டிலைத் தாங்கியது, எங்கள் தோட்டத்தில் ஒரு வார் ஒருவருக்கும் தீங்கில்லாமல் பாரம் சுமந்தது அந்த ஓர் இடத்தில்தான்.